வாய்க்காலுக்கு மேல் நின்ற பஸ்

எங்கள் ஊர் டெப்போவில் ஒரு பஸ்ஸின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது நிற்க வேண்டும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கேலி செய்கிறேன் என்று நினைப்பார்கள். மலையாளச் சர்க்காரின் எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ் பேசும் எங்கள் பக்கத்தில் அந்த நாளில் அதை யாரும் விசித்திரமாக எண்ணியதில்லை.

டெப்போ என்பதே அதற்குப் பெரிய பெயர். ஒரு தகரக் கொட்டகை, டயர் அடுக்கி வைத்த ஓர் அறை, நேரம் குறிப்பவர் உட்காரும் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். கொட்டகைக்கு நடுவில் நீளமாக ஒரு குழி. பஸ்ஸை அதன்மேல் நிறுத்திவிட்டு மெக்கானிக் உள்ளே இறங்கி நின்று, பிரேக் குழாய், வில்பட்டை, அச்சு எல்லாவற்றையும் அண்ணாந்து பார்ப்பதற்காக வெட்டியது. வெட்டியவர்கள் எந்தக் கோடையில் வந்து இடம் பார்த்தார்களோ, ஊரிலேயே பள்ளமான இடமாகப் பார்த்து வெட்டிவிட்டார்கள். பக்கத்தில் கிளை வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் குழியில் ஊறும். வாய்க்கால் நின்றாலும் குழியின் சேறு காயாது. ஒரு பக்கச் சுவர் வேறு உள்ளே சரிந்து நின்றது.

அதனால் டெப்போ ஆட்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கொட்டகைக்குப் பின்புறம் கொஞ்ச தூரத்துக்கு வாய்க்காலின் இரண்டு கரையிலும் கருங்கல் கட்டியிருந்தது. ஓர் ஆள் இறங்கி நிற்கிற ஆழம். பஸ்ஸின் சக்கரங்களுக்கு நடுவே அடங்குகிற அகலம். தண்ணீர் நிறுத்திய நாளில் பஸ்ஸை மெதுவாகக் கொண்டுபோய், ஒரு பக்கச் சக்கரங்கள் இந்தக் கரையிலும் மறுபக்கச் சக்கரங்கள் அந்தக் கரையிலுமாக நிறுத்துவார்கள். அடியில் கல் பாவிய தரை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். டெப்போவின் மெக்கானிக் மேஸ்திரி ஒரு சாக்கை விரித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். சில நாள் ஓடும், சில நாள் நிற்கும். விவசாயிகளின் தண்ணீர் முறைதான் டெப்போவுக்கும் பஞ்சாங்கம்.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். என் வீட்டுக்காரர் விவசாயம். கரும்பும் கொஞ்சம் நெல்லும். ஒரே மகள், எங்கள் பக்கத்துச் சித்தூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்குத் தோதான நேரத்தில் ஒரே ஒரு சர்க்கார் பஸ் இருந்தது. விடுதியில் இடம் இல்லை, சைக்கிளுக்குத் தூரம்.

அந்த வருஷம் மழை பொய்த்துப் பயிர் வாடியது. வாய்க்காலை நிறுத்தாமல் விடச் சொல்லி ஊரே சேர்ந்து கேட்டது. கிடைத்தது. நாள் கணக்கில்லாமல் தண்ணீர் ஓடியது. எல்லோர் முகத்திலும் சந்தோஷம். டீக்கடையில் மேஸ்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம்:

"உங்க நெல்லு நல்லாத்தானுங்க இருக்குது. என்ற வண்டிகதான் வயித்தக் காட்டாமத் திரியுதுக."

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவரும் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு நாள் காலை, நான் வகுப்பில் இருக்கும்போது, சைக்கிளில் வந்த ஒருவர் வாசலிலேயே ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "டீச்சரு, உங்க புள்ள போன வண்டி வயல்ல எறங்கிருச்சுங்க. பயப்படாதீங்க, ஆரும் சாகலீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் இன்று வரைக்கும் காதில் நிற்கிறது. பயப்படாதே என்பதற்காகச் சொன்னது. ஆனால் 'சாவு' என்ற சொல்லை என் மகளின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டது.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கீழே குறுகலான கலுங்குப் பாலம், அதில் ஒரு மாட்டுவண்டி. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே பஸ்ஸை இடது பக்கம் வயலுக்குள் திருப்பிவிட்டார். நெல் வயல், நிறையத் தண்ணீர் கட்டியிருந்தது. சேற்றில் சக்கரம் புதைந்து பஸ் நின்றுவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது என் மகள் வரப்பில் உட்கார்ந்து, முழங்கால்வரை சேற்றுடன், யாருடைய குழந்தையையோ மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் மட்டும் ஒரு வீக்கம்.

"நான் நல்லாத்தான் இருக்கறனுங்கம்மா. செருப்புத்தான் ஒண்ணு சேத்துக்குள்ள போயிருச்சு."

நான் அந்தச் செருப்பைத் தேடச் சேற்றில் இறங்கப் போனேன். அவள்தான் எழுந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

பிரேக் குழாய் ஓரிடத்தில் உரசி உரசித் தேய்ந்து ஒழுகியிருக்கிறது. அடியில் இறங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இறங்கிப் பார்க்க இடமில்லை. மேஸ்திரி இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அன்று மாலையே மகளிடம் சொல்லிவிட்டேன்: "அந்த டெப்போவுல ஒழுங்கா ஒரு குழி வர்ற வரைக்கும் நீ பஸ் ஏற வேண்டாம்." அவள் எதிர்த்துப் பேசவில்லை. நாலு நாளில் அம்மாவுக்குப் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்திருப்பாள். தெளியவில்லை. ரோட்டில் எந்தப் பஸ் பிரேக் போட்டாலும் அந்தக் கிறீச்சொலிக்கு என் கை தானாகவே மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். இன்றும் பிடித்துக்கொள்கிறது. வகுப்புப் பிள்ளைகள் கவனித்து அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். கல்லூரியில் இருந்து, இப்படியே வராமல் இருந்தால் பரீட்சை எழுத முடியாது, வருஷம் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் டெப்போவைச் சீர்படுத்த ஒரு கமிட்டி போட்டார். எனக்கு மலையாளம் எழுத வரும் என்பதால் என்னையும் அதில் சேர்த்தார். மேட்டு நிலத்தில் புதிதாகக் குழி வேண்டும், தண்ணீர் வடிய ஓடை வேண்டும், தகரம் மாற்ற வேண்டும் என்று பஸ் இலாகாவுக்கு எழுதி அனுப்பினோம். பல தடவை எழுதிய பிறகு, இடத்தை நேரில் பார்க்க ஒரு எஞ்சினியர் வருவதாகப் பதில் வந்தது.

அவர் வருகிற நாள் காலையில் நான் டெப்போவுக்குப் போனேன். தூரத்திலேயே என் வீட்டுக்காரரின் ஆயில் எஞ்சின் சத்தம் கேட்டது. எங்கள் கிணற்றில் இருக்க வேண்டிய எஞ்சின் எதற்காக இங்கே ஓடுகிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால், குழித் தண்ணீரையெல்லாம் இறைத்துவிட்டார்கள். சேற்றை வாரிவிட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சரிந்த பக்கத்தை மறைத்து மாவிலைத் தோரணம். குழியின் விளிம்பு முழுக்கக் கோலம் வேறு.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கறீங்க? தண்ணி நிக்கறதக் காட்டத்தானே அவரக் கூப்புட்டிருக்கறோம்?"

மேஸ்திரி கையில் சுண்ணாம்பு மட்டையோடு நின்றார். "அதுக்காகப் பெரிய மனுசன் வர்ற எடத்தச் சாக்கடையாட்ட வெக்கச் சொல்றீங்களா, டீச்சரு? நாளைக்கு நம்மூரப் பத்தி என்னன்னு பேசுவாரு?"

என் வீட்டுக்காரர் எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். "பொண்ணுப் பாக்க வர்றாங்கன்னா வாசல் தெளிக்காமயா இருப்பாங்க?"

"இது பொண்ணுப் பாக்கறது இல்லீங்க, நோவு பாக்கறது. டாக்டரு வர்றாருன்னு காச்சலக் கழுவித் தொடச்சா வெப்பாங்க?"

அவர் எஞ்சினை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குள் ஜீப் டெப்போவுக்குள்ளேயே வந்து நின்றுவிட்டது.

எஞ்சினியர் நல்ல மனிதர். மலையாளத்தில்தான் பேசினார், எங்கள் தமிழ் அவருக்குப் புரிந்தது. குழியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், கோலத்தை மிதிக்காமல் தாண்டி நடந்தார். "கொள்ளாமல்லோ! நல்ல வ்ருத்தி," என்றார். நன்றாயிருக்கிறதே, சுத்தமாக வைத்திருக்கிறீர்களே என்று அர்த்தம். மேஸ்திரியின் முகம் மலர்ந்தது.

நான் முன்னால் போய், காலையில்தான் தண்ணீர் இறைத்தார்கள், எப்போதும் இப்படி இருக்காது என்று சொன்னேன். அவர் சிரித்தார். எல்லா ஊரிலும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். "காணுந்நதல்லே எழுதான் பற்றூ, டீச்சரே." கண்ணால் பார்ப்பதைத்தானே எழுத முடியும். எங்கள் ஆட்களே நோயை மறைத்து வைத்துவிட்டு, நோய் இருக்கிறது என்று என்னை வாதாடச் சொல்கிறார்கள்.

அவர் உடனே கிளம்ப வேண்டும் என்றார். எங்கள் ஊரில் அது நடக்குமா? வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவதா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் கோழி அடித்துக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார்கள். என் வீட்டுக்காரரும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பரிமாற வந்துவிட்டார். "இன்னொரு கரண்டிங்க, உங்க ஊரு மீனாட்ட இருக்காது, இருந்தாலும் தின்னு பாருங்க." போதும் என்று அவர் இலையின் மேல் கையை வைத்தார், கைக்குப் பக்கத்தில் ஊற்றினார்கள். பாயசம் வந்தது. பிறகு பழம். பிறகு வெற்றிலை. நான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் மூலையில் நின்று, என் மகளின் வருஷம் இந்த இலையோடு சுருண்டு போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜீப் டெப்போவுக்குள் நின்றிருந்தது. திரும்பிப் போகும்போது கொட்டகையைக் கடந்துதான் போக வேண்டும். எஞ்சினியர் போகிற போக்கில் குழியைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

தண்ணீர் முழங்கால் மட்டம் ஏறியிருந்தது. புதுச் சுண்ணாம்பு கரைந்து பால்போல வெளுத்த தண்ணீர். சரிந்த சுவரிலிருந்து தோரணம் அறுந்து விழுந்து, மாவிலைகள் மிதந்துகொண்டிருந்தன.

மேஸ்திரிதான், எதிர்பார்த்த சொந்தக்காரர் வந்துவிட்டதுபோல, தணிந்த குரலில் சொன்னார்: "வந்துருச்சுங்க."

எஞ்சினியர் சிரித்த சிரிப்பு கொட்டகைத் தகரத்தில் எதிரொலித்தது. "ஊணு கழிக்காதெ போயிருந்நெங்கில் ஞான் குழப்பமில்லெந்நு எழுதியேனே!" சாப்பிடாமல் போயிருந்தால், ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருப்பேனே என்கிறார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, அப்படியானால் வண்டிகளை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மேஸ்திரி பின்பக்கம் கூட்டிப் போய் வாய்க்காலைக் காட்டினார். கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கல்லின் மேல் கறுப்பாக எண்ணெய்க் கறை. எஞ்சினியர் குனிந்து அந்தக் கறையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பிறகு கொட்டகைக்குத் திரும்பி, குழியின் ஓரத்தில் நின்று என்னிடம் விளக்கமாகவே பேசினார். இருப்பதைப் பழுது பார்ப்பதற்குக் கையில் கொஞ்சம் நிதி இருக்கிறது, அதை இப்போதே தரலாம். சரிந்த சுவரைக் கட்டி மேலே பூசலாம். ஆனால் தண்ணீர் ஊறுவது நிற்காது. மேட்டில் புதுக் குழி என்றால் அது புது வேலை, மேலிடத்தில் அனுமதி வாங்கி அடுத்த திட்டத்தில்தான் சேர்க்க முடியும். இரண்டும் சேர்த்துக் கிடைக்காது. இதைப் பழுது பார்த்துவிட்டால், குறை தீர்ந்தது என்று மேலே எழுதிவிடுவார்கள். புதுக் குழி பிறகு வரவே வராது.

"எந்து வேணம், டீச்சரே?"

தலைவர் என்னைப் பார்த்தார், மேஸ்திரி என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒழுங்கா ஒரு குழி வர்ற வரைக்கும்' என்று மகளிடம் நான் சொன்னது அவருக்குத் தெரியும். பழுது பார்க்கிற காசை வாங்கினால் கொஞ்ச நாளில் சுவர் நிமிர்ந்துவிடும், குழி வந்துவிட்டது என்று மகளை அனுப்பிவிடலாம். என் வாயில் அதுதான் முதலில் வந்தது. கீழே ஒரு மாவிலை சுற்றிச் சுற்றி மிதந்தது. அந்தத் தண்ணீருக்குள் நின்று யார் எந்தக் குழாயைப் பார்க்கப் போகிறார்கள்?

"மேட்டுலயே வேணுங்க," என்றேன்.

அன்று மாலை மகளிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நல்லதுதானுங்கம்மா செஞ்சீங்க. அப்ப நான் எப்ப பஸ் ஏறுறது?"

"குழி வந்ததும்."

"அது வர்றதுக்குள்ள என்ற கூடப் படிச்ச புள்ளைக எல்லாம் டீச்சராயி ரிட்டயரும் ஆயிருவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் கையில் பாத்திரம் அப்படிச் சத்தம் போட்டு நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவர் போனது மதகுக்கு. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வாங்கும் விவசாயிகள் வாரம் ஒரு தடவை அங்கே கூடுவார்கள். அன்று அங்கே நடந்ததை மேஸ்திரி மறுநாள் என்னிடம் நடித்தே காட்டினார். வாரத்தில் ஒரு நாள் வாய்க்காலை அடைக்க வேண்டும், அன்றைக்கு டெப்போக்காரர்கள் பஸ்களைப் பார்த்துக்கொள்வார்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

"ஏ மாப்ள, தண்ணி உடச் சொல்லிக் கேக்கறவனப் பாத்திருக்கறோம், நிறுத்தச் சொல்லிக் கேக்கறவன இப்பத்தாம் பாக்கறோம்," என்றார் ஒருவர்.

"டீச்சரு பொண்ணு காலேசுக்குப் போறதுக்கு எங்க பயிரு காயோணுமாக்கும்?" என்றார் இன்னொருவர்.

"உங்க பயிரு எதுக்கு மச்சா காயுது?" என்றிருக்கிறார் இவர். "என்ற முறைத் தண்ணி வர்ற நாள்ல அடையுங்க. எனக்கு வேண்டாம்."

"கரும்பு என்னாகும்?"

"கெணத்துல இருக்கறதப் பாச்சிக்கறன். மிச்சம் காஞ்சாக் காயிட்டும். அந்தப் பஸ்ஸுல உங்க ஊட்டு ஆளுகளுந்தானே போறாங்க."

கடைசியில் அவர் முறையை மட்டும் எடுக்க வேண்டாம், மாறி மாறி விட்டுக்கொடுப்போம், முதல் வாரம் மட்டும் அவருடையது என்று முடிவாகியிருக்கிறது. இதில் ஒரு வார்த்தைகூட அவர் என்னிடம் சொல்லவில்லை. கரும்பைப் பற்றி நானும் கேட்கவில்லை.

முதல் வாரம் வாய்க்கால் அடைத்த மறுநாள், விடிந்ததும் நான் டெப்போவின் பின்புறம் போனேன். சித்தூர் பஸ் இரண்டு கரையிலும் கால் வைத்து நின்றுகொண்டிருந்தது. கீழே சாக்கு விரித்து மேஸ்திரி. நான் கரையில் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"எறங்குங்க, டீச்சரு. பரீட்சப் பேப்பரத் திருத்தற மாதிரி நீங்களே ஒருக்காப் பாத்துருங்க."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். பஸ்ஸுக்கு அடியில் நான் போனது அதுதான் முதல் தடவை. தலைக்கு மேலே இவ்வளவு கனம் நிற்கிறது என்ற நினைப்பில் குனிந்தே நின்றேன். அவர் ஒரு பளபளப்பான புதுக் குழாயைக் காட்டினார். "இதுதானுங்க மாத்துனது. தொட்டுப் பாருங்க." தொட்டேன். எங்கே உரசியதோ அந்த இடத்தில் இப்போது ரப்பர் துண்டு வைத்துக் கட்டியிருந்தது. அதையும் தொட்டேன். பிறகு அவர் காட்டாத குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே பஸ்ஸின் பின் சக்கரம்வரை போனேன். எது எதற்கென்று எனக்குத் தெரியாது. அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

மேட்டில் புதுக் குழி பிறகு வந்தது, நாங்கள் கேட்டதில் பாதி நீளத்துக்கு. தகரம் மாறவில்லை. அதற்கெல்லாம் நாளாயிற்று, அதற்குள் என் மகள் கடைசிப் பரீட்சையே எழுதிவிட்டாள்.

பஸ்ஸின் அடியில் இறங்கிப் பார்த்த அன்று காலை, நான் வாய்க்காலில் இருந்து மேலே ஏறி ரோட்டுக்கு வந்தபோது அவள் புத்தகங்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பஸ் பின்பக்கத்தில் இருந்து சுற்றிக்கொண்டு வந்து நின்றது. அவள் தோளைத் தொடக் கையைக் கொண்டு போனேன். உள்ளங்கை இரண்டும் கிரீஸில் கறுத்திருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவள் என் கைகளைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். படியில் ஏறிக்கொண்டே சொன்னாள்:

"கையக் கழுவீட்டு ஸ்கூலுக்குப் போங்கம்மா. புள்ளைக சிரிக்கப் போறாங்க."